வெண்கல புஷ் பவுடர்ல இருந்து எப்படி வருது, ஸ்டெப் ஸ்டெப்பா

மண்டபம் பக்கம் விசைப்படகு இன்ஜின் வேலை பழகுற தம்பிங்க அடிக்கடி கேக்குறதால எழுதுறேன். ஸ்டார்ட்டர் மோட்டார்ல ஒரு சின்ன வெண்கல புஷ் இருக்கும்ல, அதாவது ஷாஃப்ட் (சுத்துற தண்டு) உள்ள உக்காந்து சுத்துற குழாய் மாதிரி வளையம், அது பெரும்பாலும் வார்ப்பு இல்ல, தூளை அமுக்கி சுட்டு எடுக்கிறது.

முதல்ல கலவை. செம்புத் தூள் 90 கிராம், வெள்ளீயத் தூள் 10 கிராம், கூட அரை கிராமோ 1 கிராமோ ஜிங்க் ஸ்டியரேட், அது அச்சுல ஒட்டாம வழுக்கி வர்றதுக்கு. மாஸ்க் கட்டாயம் போடுங்க. டப்பாவையும் இறுக்கி மூடுங்க, நம்ம உப்புக்காத்து சும்மா விடாது, ஒரு மழைக்காலத்துல நான் மூடியை சரியா திருகாம விட்டு செம்புத் தூள் கறுத்து கட்டிகட்டியா போயி மொத்தமும் வீணாச்சு.

அடுத்து அச்சு. 20 மில்லிமீட்டர் உயரம் வேணும்னா ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உயரத்துக்கு தூள் நெறப்பணும், பிரஸ்ல சதுர சென்டிமீட்டருக்கு 2 டன் கணக்குல அமுக்கினா பாதியா இறங்கிடும். வெளிய எடுத்தா முழு புஷ் மாதிரியே இருக்கும், ஆனா புட்டு மாவு பதம்தான், ரெண்டு விரல்ல அழுத்துனாலே உடைஞ்சிரும்.

அப்புறம் ஃபர்னஸ். மொதல்ல அந்த ஸ்டியரேட் ஆவியா போகும், வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகி செம்புக்குள்ள எறங்கும், சூடு 800ல இருந்து 850 வரைக்கும் போகும், செம்பு உருக 1085 வேணும்ங்கிறதால அது உருகாது, துகளும் துகளும் தொடுற எடத்துல மட்டும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். உள்ள காத்து போகக்கூடாது, ஹைட்ரஜன் கலந்த கேஸ்தான் ஓடும். இதை வீட்டுப் பட்டறையில தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஹைட்ரஜன் காத்தோட சேர்ந்தா வெடிக்கும், பழகின ஆள் இருக்கிற எடத்துல குடுத்து வாங்குங்க.

ஆறினதும் சரியான அளவுக்கு கொண்டுவர்ற அச்சுல வச்சு இன்னொரு தடவை அமுக்கணும், அவ்ளோதான்.

கடைசியா எண்ணெய். புஷ்ஷுக்குள்ள அஞ்சுல ஒரு பங்கு வெறும் நுண்ணிய ஓட்டை, வேக்குவம்ல காத்தை உறிஞ்சிட்டு எண்ணெயை விட்டா எல்லாம் நெறஞ்சிரும். ஷாஃப்ட் சுத்தி சூடாகும்போது எண்ணெய் கசியும், நின்னதும் திரும்ப உள்ள போயிரும். அந்த ஓட்டைதாங்க புஷ்ஷோட உயிரே! ஒரு லேத்துக் கடையில டைட்டா இருக்குன்னு உள்பக்கம் எமரி ஷீட் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தாங்க, ஓட்டையெல்லாம் அடைஞ்சு, எமரி மணலும் உள்ள பதிஞ்சு, சீக்கிரமே ஷாஃப்ட்டையும் சேத்து தின்னுருச்சு.

அதனால மாட்டுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க: அடிப்பக்கத்தை பெருவிரலால அடைச்சு, உள்ள இன்ஜின் ஆயில் தளும்ப ஊத்தி, மேல ஆள்காட்டி விரலை வச்சு நல்லா அழுத்துங்க. கொஞ்ச நேரத்துல வெளிச்சுவர் முழுக்க வேர்வை மாதிரி எண்ணெய் முத்துமுத்தா அரும்புச்சுன்னா அந்த புஷ்ஷை தைரியமா மாட்டலாம்.