மரக்கறியா, மச்சமா: ஒப்பிடும்போது விடுகிற பிழைகள்

நல்லூரில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் பல வீடுகளில் மச்சச் சட்டி அடுப்பேறாது. திருவிழா முடிந்ததும் ஒருவர் இரத்தம் சோதித்துப் பார்த்து, "கொலஸ்ரோல் இறங்கிவிட்டது, மரக்கறிதான் உடம்புக்கு நல்லது" என்பார். இன்னொருவர், "மரக்கறியாலே எனக்குக் கை கால் சோர்ந்துபோச்சு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை வைத்து எந்தச் சாப்பாடு நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

உடம்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறுவதுதான் காரணம். கெட்ட கொலஸ்ரோலான எல்டிஎல் நாலைந்து கிழமையிலேயே அசையும். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும். இரும்புச் சேமிப்புக் குறைய மாதக்கணக்காகும். விற்றமின் பி12 ஈரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பில் கிடப்பதால், பாலும் மீனும் விட்ட முதல் வருடத்தில் ஒரு குறையும் தெரியாமல் போகலாம். 2023இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரே சாயல் இரட்டையர் 22 சோடிகளைப் பிரித்து, ஒருவருக்கு வீகன் சாப்பாடும் (பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வருகிற எதுவும் சேராதது) மற்றவருக்கு மச்சமும் சேர்ந்த சாப்பாடும் 8 கிழமை கொடுத்தார்கள். வீகன் பக்கத்தாருக்கு எல்டிஎல் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியது. நல்ல ஆய்வு. ஆனால் 8 கிழமையில் எலும்பு பேசாது. இங்கிலாந்தில் 55,000 பேர் அளவில் பதினேழு ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்த எபிக்-ஒக்ஸ்போர்ட் ஆய்வின் 2020 முடிவில், வீகன்களுக்கு எலும்பு முறிவு இறைச்சி உண்பவர்களைவிட 43 வீதம் கூட. கல்சியமும் புரதமும் குறைந்தது, உடம்பு மெலிந்திருந்தது எல்லாம் அதில் ஒரு பங்கு.

சைவச் சாப்பாட்டையும் வீகனையும் ஒன்றாக்குவது அடுத்த பிழை. எங்கள் சைவத்தில் பாலும் தயிரும் மோரும் நெய்யும் உண்டு. பால்மாத் தேத்தண்ணியே ஒரு கணக்குத்தான்: நாளுக்கு மொத்தம் 30 கிராம் பால்மா போனால் 1 மைக்கிரோகிராம் அளவு பி12 கிடைக்கும். பெரியவர்களுக்குத் தேவை 2.4. மிச்சத்தைத் தயிரும் மோரும் ஓரளவு நிரப்பும். இப்படிக் குடிக்கிற ஒருவர் வீகனாகி, பால்மாவை விட்டுப் பிளேன்ரீக்கு மாறினால் அந்த பி12 முழுக்கப் போய்விடுகிறது. "என் பாட்டி எண்பது வயது வரை சைவம்தான், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் இங்கே உதவாது. பாட்டி மோர் குடித்தவர்.

மறுபக்கமும் இதே குழப்பம். மேல்நாட்டு ஆய்வுகளில் "இறைச்சி உண்பவர்" என்றால் மாட்டிறைச்சி, பன்றி, சொசேஜ், பேக்கன். யாழ்ப்பாணத்தில் மச்சம் என்றால் பெரும்பாலும் மீன். எபிக்-ஒக்ஸ்போர்ட்டின் 2019 முடிவில் மீன் உண்பவர்கள் தனிக் கூட்டம்: இதய நோய் இறைச்சிக்காரரைவிட அவர்களுக்கு 13 வீதமும், மரக்கறிக்காரருக்கு 22 வீதமும் குறைவு. அதே ஆய்வில் மரக்கறிக்காரருக்குப் பக்கவாதம் 20 வீதம் கூட. இந்த வீதங்களைக் கேட்டுப் பயப்படுவதும் பிழைதான். ஆயிரம் பேரைப் பத்து வருடம் பார்த்தால் இதய நோயாளர் பத்துப் பேர் குறைவு, பக்கவாதக்காரர் மூன்று பேர் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடை மீன் குழம்போடு குத்தரிசிச் சோறு சாப்பிடுகிறவரை லண்டன் பேக்கன்காரரின் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிவராத்திரி விரதம் பிடித்து, குடியும் சிகரெட்டும் தொடாத ஒருவரை, ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு சாராயமும் எடுக்கிறவரோடு ஒப்பிட்டு "மரக்கறி வென்றது" என்பதும் அதே மாதிரித்தான். அங்கே வென்றது மரக்கறி மட்டுமல்ல.

இனிச் சட்டிக்கு வருவோம். கூடுதலாகப் பிழைக்கிற இடம் இதுதான். மீனை எடுத்துவிட்டோம், அந்த இடத்துக்கு என்ன வந்தது? ஐந்து பேர் வீட்டில் பருப்புக்கறிக்கு 100 கிராம் மைசூர்ப் பருப்பு போடுகிறார்கள் என்று வைப்போம். அதில் புரதம் 24 கிராம். ஆளுக்கு 5 கிராம் கூட வராது. முன்பு இரண்டு துண்டு மீனில் 30 கிராம் வந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குக் குறைந்தது 48 கிராம் வேண்டும். வீகன் என்றால் 55ஐக் குறிவைப்பது நல்லது. சோறு இரண்டு கப்பில் 8, தடிப்பான பருப்பு ஒரு கப்பில் 18, அவித்த கடலை ஒரு கப்பில் 14, கச்சான் ஒரு கைப்பிடியில் 7, காய்ந்த சோயாமீற் 30 கிராமில் 15. கூட்டினால் 62. சோயாமீற்றைச் சுடுதண்ணியில் ஊறவிட்டுப் பிழிந்து, வீட்டுத் தூளில் சமையுங்கள். பைக்குள் வருகிற சுவைத்தூளில் உப்புக் கூட.

இதே இடத்தில் "100 கிராம்" என்ற பொறியும் இருக்கிறது. கச்சான் 100 கிராமில் 25 கிராம் புரதம், அவித்த கோழியில் அதைவிடச் சற்றுக் கூட, ஆகவே இரண்டும் ஒன்று என்பார்கள். அந்தக் கச்சானில் 560 கலோரிக்கு மேல். தோல் நீக்கிய கோழி நெஞ்சில் 165. கடலை காய்ந்தபோது 20 கிராம் புரதம், அவித்து நீர் குடித்த பிறகு 9. முருங்கையிலைத் தூளில் பாலைப்போல 17 மடங்கு கல்சியம் என்று போன் போனாய்ச் சுற்றுகிற செய்தியும் 100 கிராம் காய்ந்த தூளுக்கான கணக்குத்தான். தூளை 100 கிராம் யாரும் தின்பதில்லை. ஒரு தேக்கரண்டி 5 கிராம், அதில் கல்சியம் 100 மில்லிகிராம் அளவு: ஒரு கிளாஸ் பாலின் அரைவாசிக்கும் குறைவு. பால் விட்டவர்கள் கல்சியத்துக்கு நம்பவேண்டியது குரக்கனும் தோல் நீக்காத எள்ளும். நெத்தலியை முள்ளோடு தின்றவர்கள் அதை விடும்போதும் இதே இழப்பு உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தேங்காயைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும். பரவாயில்லை. காலையில் தேங்காய்ப் பூ சேர்த்த புட்டு, மத்தியானம் பொரித்த கத்தரிக்காயில் முதற்பால் விட்ட கறி, இரவு இடியப்பத்தோடு சொதியும் சம்பலும். ஒரு துளி மச்சம் இல்லை, முழு வீகன். ஆனால் 100 கிராம் தேங்காய்ப் பூவில் நிறைவுற்ற கொழுப்பு 30 கிராம் அளவு. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற நாள் எல்லை ஏறத்தாழ 22. தோல் நீக்கிய கோழி நெஞ்சு 100 கிராமில் 1. மச்சத்தை விட்டும் கொலஸ்ரோல் இறங்காதவர்கள் முதலில் தேங்காய்ப்பாற் சட்டியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் துறையினரை வைத்து 2017இல் வந்த ஆய்விலும் முழுத்தானியம், பருப்பு, காய்கறி உண்டவர்களுக்கு இதய நோய் 25 வீதம் குறைவு. வெள்ளை மா, சீனி, இனிப்புப் பானம் உண்டவர்களுக்கு 32 வீதம் கூட. பாணும் மரக்கறி றோல்ஸும் இந்த இரண்டாவது கூட்டத்தில் வரும்.

இரும்புச்சத்தில் நடக்கிறது வேறு பிழை. இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு, இறைச்சி இரும்பைப்போல இலகுவில் உடம்பில் சேராது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலும் அரைவாசிக்கு மேல் வீணாகும். பால் இல்லாத பிளேன்ரீயும் விலக்கல்ல. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சேர வைப்பது விற்றமின் சி. அதற்குப் பழப்புளி உதவாது, அதில் அது மிகக் குறைவு. தேசிப்புளிதான் வேண்டும், அதுவும் வறையை இறக்கி வைத்து ஆறவிட்ட பிறகு. அடுப்பில் கொதிக்க விட்டால் போய்விடும்.

மச்சம் உண்பவர்கள் விடுகிற ஒரு பிழை: பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை. சுறா பெரிய மீன்களைத் தின்று வளர்வதால் அதில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிற தாய்மாரும் அதைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். சூடையும் நெத்தலியும் அந்தப் பயமில்லாதவை, ஒமேகா-3உம் உண்டு. வீகன்கள் ஆளி விதையை நம்பினால், உடம்பு அதிலிருந்து மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ என்ற ஒமேகா-3ஆக மாற்றுவது மிகச் சிறு பங்குதான். கடற்பாசி எண்ணெய்க் குளிசை இருக்கிறது.

கடைசியாக மீண்டும் பி12. புளித்த தோசை மாவிலோ பழஞ்சோற்றிலோ ஸ்பிருலினா என்ற பாசித் தூளிலோ அது நம்பத்தக்க அளவில் இல்லை. வீகன்கள் நாளுக்கு 50 மைக்கிரோகிராம் குளிசை, அல்லது 1,000 மைக்கிரோகிராம் கிழமைக்கு இரண்டு எடுத்தால் போதும். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்போமின் குடிக்கிறவர்களுக்கு மச்சம் தின்றாலும் பி12 குறையலாம். கால் விறைப்பையும் எரிவையும் "சீனியாலே" என்று விட்டுவிடுவார்கள். போலிக் அமிலக் குளிசை மட்டும் எடுத்தால் இரத்தச்சோகை மறைந்து, நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். மருந்தைத் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் பி12 சோதிக்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்தால் இலக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள்: மில்லிலீற்றருக்கு 200 பிகோகிராமும் லீற்றருக்கு 148 பிகோமோலும் ஒரே அளவு. ஒரு ஆய்வுகூடத்தின் 180 குறைபாடாகவும், இன்னொன்றின் 180 தப்பிய அளவாகவும் இருக்கலாம்.