தொளதொள கோடு போட்ட டாப்: பக்கத் தையலில் கோடு பிசகாமல் தைப்பது எப்படி?

டார்ட் (உடல் வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) இல்லை, ஜிப் இல்லை, கைக்குழி வளைவும் இல்லை. தைக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட எளிய சட்டை கிடையாது. ஆனால் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் சந்திக்கும் பக்கத் தையலில்தான் நம் கைவரிசை வெளியே தெரிந்துவிடும். எனவே மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிட்டு அங்கே நின்று பேசுகிறேன். மெஷினில் நூல் கோக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

துணி: 45 அங்குல அகலப் பருத்தி, ஒன்றே முக்கால் மீட்டர். கடையிலேயே துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறமும் கோடு அதே அழுத்தத்தில் தெரிந்தால் அது நெசவில் வந்த கோடு. இழையோடு நேராக ஓடும். அச்சடித்த கோடு இழையை விட்டுச் சாய்ந்திருக்கலாம், அதனால் நான் வாங்குவதில்லை. இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

அளவு: மார்புச் சுற்று 36 அங்குலம் என்றால் தளர்வுக்கு 8 சேர்த்து 44. அதில் பாதி 22; இரு பக்கத் தையலுக்கும் சேர்த்து ஒவ்வொரு துண்டின் அகலம் 23. நீளம் மடிப்பு உட்பட 26½. கழுத்து அகலம் 8, முன் இறக்கம் 4½, பின் இறக்கம் 1½. தோள் நுனியில் ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். கைகளுக்கு 19க்கு 7 அங்குலத்தில் இரண்டு செவ்வகங்கள்.

இனி வெட்டு. கோடு துணியின் கரைக்கு இணையாக ஓடுகிறதா? அப்படியானால் உங்களுக்கு யோகம். துணியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு, முன்துண்டையும் பின்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டின் அடிவிளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி வரையுங்கள். ஒரே பாவு நூல்தான் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) இரண்டு துண்டிலும் ஓடுகிறது. கோடு தானாகவே பொருந்திவிடும். இடம் மிச்சமாகும் என்று ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிடாதீர்கள். அகலக் கோடும் ஒல்லிக் கோடும் மாறி மாறி வரும் துணியில் வரிசையே கவிழ்ந்துவிடும். வரைவதற்குச் சாக்பீஸைவிடக் காய்ந்து தேய்ந்த சோப்புத் துண்டு மேல்; துவைத்தால் சுவடே இருக்காது.

தோள்களை இணைத்து, கழுத்துக்குக் கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய துணிப்பட்டி) வைத்து உள்ளே மடித்துத் தையுங்கள். பக்கத்தை மூடுவதற்கு முன்பே, கையின் நடுப்பகுதியைத் தோள் தையலில் வைத்து இணைத்துவிடுங்கள்.

இப்போது பக்கத் தையல். சரியாக வெட்டிய துணியும் இங்கே ஏமாற்றும். மெஷினின் பற்கள் அடித்துணியை இழுக்கின்றன, மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைப் பின்தங்க வைக்கிறது. கீழ்வரை போவதற்குள் அரைக் கோடு விலகிவிடும். ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் குண்டூசியை மேலிருந்து குத்தி, அடியில் அதே கோட்டின் விளிம்பில் வெளிவருகிறதா என்று பாருங்கள். பிறகு கையால் ஓட்டுத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, ஊசிகளை எடுத்துவிட்டு, 14ஆம் எண் ஊசியில் மெதுவாக ஓட்டுங்கள். ஓட்டுத் தையல் நேர விரயம் என்பவர்கள் தையல் பிரிப்பதை விரும்புகிறவர்களாக இருக்க வேண்டும்.

கை ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்துத் தைத்தால் சட்டை தயார்.

பிற்சேர்க்கை: கோடு கரையிலிருந்து கரைக்கு ஓடினால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மீட்டர் வாங்குங்கள். முன்துண்டை முதலில் வெட்டி, அதையே மீதித் துணியின் மேல் வைத்து, ஓரத்துக் கோடுகள் மறையும்வரை நகர்த்திப் பின்துண்டை வெட்டுங்கள்.

இன்னொன்று: பிரெஞ்சுக் கடற்படையின் நீலக் கோட்டுப் பனியன் போல வேண்டும் என்றார் ஒருவர். 1858 விதிப்படி அதில் வெள்ளை 20 மில்லிமீட்டர், நீலம் 10. அந்த விகிதத்தில் பருத்தி நெசவுத் துணி கிடைத்தால் இதே முறையில் தைக்கலாம். பனியன் துணியில் வேண்டாம். அது இழுபடும், ஊசியும் வேறு.

அடர் நீலம், சிவப்பு வாங்கினால் ஈர வெள்ளைத் துணியால் கோட்டைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.