குடும்பப் படத்துக்குக் களத்து ஓரம்

தோட்டத்தில் குடும்பப் படம் எடுக்கிறீர்களா? தென்னைகளுக்கு நடுவே நிறுத்தாதீர்கள். தேங்காய் காயப்போடும் சிமெண்ட் களத்தை ஒட்டி, சாளை (தோட்டத்து வீடு) நிழலுக்குள் இரண்டடி தள்ளி, வெயில் விழும் களத்தைப் பார்த்தபடி எல்லோரையும் உட்கார வையுங்கள்.

தோப்புக்குள் ஓலை இடுக்கு வழியாக இறங்கும் வெயில் மூக்கில் வெள்ளைத் திட்டும் கன்னத்தில் கறுப்புமாக விழும். பிறகு எந்தச் செயலியாலும் அதைச் சரிசெய்வது பாடுதான். வெளிறிய களமோ வெயிலை வாங்கி முகத்துக்குக் கீழிருந்து மெதுவாகத் திருப்பி அடிக்கும். அப்பத்தாவின் கண்குழி நிழலும் தாத்தாவின் தாடை நிழலும் தணியும். காசு கொடுத்து வாங்கும் பிரதிபலிப்புப் பலகை செய்வதும் இதே வேலைதான்.

'சிரிங்க' என்று சொன்னால் விறைத்துக்கொள்வார்கள். மடியில் ஒரு முறம் கடலைக்காய் கொடுத்து உரிக்கச் சொல்லுங்கள், கை தானாக இளகும். செல்போனில் முகத்தைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுத் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து எடுங்கள். கேமரா என்றால் ஷட்டர் வேகம் 1/250 நொடி; இரண்டு வரிசை இருந்தால் லென்ஸ் திறப்பு எஃப் 5.6.

உச்சி வெயிலில் வேண்டாம், களம் கூசிக் கண் சுருங்கும். செம்மண் வாசல் முகத்தில் செம்மை ஏற்றும், புல்தரை பச்சை ஏற்றும். அங்கே எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் மட்டும் அது நிற்காது. நாலு மூலைக்கும் கல் வையுங்கள்.