யோசெமிட்டி ஆற்றங்கரையில் முகாமிடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில், மெர்செட் ஆற்றை ஒட்டி அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என மூன்று முகாம்கள் அமைந்துள்ளன. அங்கே கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோரில் பலர், ஆற்றுக்கு மிக அருகில் உள்ள இடம் எது என்றுதான் முதலில் தேடுகிறார்கள். தாங்கள் போகும் மாதத்தில் அந்த ஆறு எப்படி இருக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை, மிகப் பெரிய தவறு இதுவே.

மெர்செட் ஆற்றுக்கு மலையுச்சிப் பனிதான் ஊற்று. ஆகஸ்ட், செப்டம்பரில் மணல் திட்டுகளுக்கிடையே அமைதியாக ஓடும் ஆற்றின் படத்தைப் பார்த்துவிட்டு, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், கரை தொட்டுப் பாயும் பனிநீரைக் காண்கிறார்கள். பகல் வெயிலில் மேலே உருகும் நீர் பள்ளத்தாக்கை வந்தடையப் பல மணி நேரம் ஆவதால், அந்தப் பருவத்தில் நீர்மட்டம் இரவில்தான் உயரும். மாலையில் இருந்த கரையை நம்பிப் பொருள்களை விட்டுவைக்கக் கூடாது. நீரோட்டத்தால் வழுவழுப்பான பாறைகளில் கால் வழுக்கினால், நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் அந்தக் குளிரிலும் வேகத்திலும் தப்புவது கடினம். நீரில் இறங்கி விளையாடுவதே நோக்கமானால், பயணத்தைக் கோடையின் பிற்பகுதிக்குத் தள்ளிவைப்பதே சரி. 1997 ஜனவரியில், பனியின் மீது பெய்த வெதுவெதுப்பான மழையால் பெருக்கெடுத்த இதே ஆறு, அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு முகாம்களை அழித்தது.

பகல் வெப்பத்தை மட்டும் பார்த்து உடைகளை எடுத்து வைப்பதும் பிழை. பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜூன் இரவுகளிலும் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும்.

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கமிருந்து இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து புறப்படும் நம்மவர்கள், முகாமில் முன்பதிவு செய்யும் ஓர் இடத்தில் குழந்தைகள் உட்பட 6 பேர் மட்டுமே தங்கலாம் என்பதைக் கடைசியில் தெரிந்துகொண்டு திண்டாடுகிறார்கள். முன்பதிவு மாதந்தோறும் 15ஆம் தேதி, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு, ஐந்து மாதங்கள் முன்கூட்டித் திறக்கிறது. கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், ஆள்கணக்கை அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

உணவை மட்டும் பத்திரப்படுத்தினால் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. கருங்கரடிக்குப் பசியைத் தூண்டுவது வாசனை. எனவே சாம்பார்ப் பொடி, ஊறுகாய் மட்டுமின்றி, பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், காலியான ஐஸ் பெட்டி ஆகிய அனைத்தும் ஒவ்வோர் இடத்திலும் வைக்கப்பட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். காரில் விட்டால் கரடி கதவையே பெயர்த்துவிடும். மனித உணவின் ருசி கண்ட கரடி அச்சம் இழந்து மீண்டும் மீண்டும் வரும்; இறுதியில் அதைக் கொல்லும் நிலைகூட ஏற்படுகிறது. நம் கவனக்குறைவுக்கு அந்த உயிர் விலை கொடுக்கக் கூடாது. அந்த இரும்புப் பெட்டி ஏறத்தாழ 114 செ.மீ. அகலமும் 84 செ.மீ. ஆழமும் 45 செ.மீ. உயரமும் கொண்டது, பெரிய ஐஸ் பெட்டி வாங்கும் முன் அளந்து பார்ப்பது நல்லது.

காலை உணவை விறகடுப்பில் சமைத்துக்கொள்ளலாம் என்றும் திட்டமிட வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை, பள்ளத்தாக்கில் மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே விறகுத் தீ மூட்டலாம். அங்கே சுள்ளி பொறுக்கவும் அனுமதி இல்லை. காலைக் காபிக்கும் உப்புமாவுக்கும் ஒரு சிறிய கேஸ் அடுப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.