தேயிலைச் சாயத்தில் கேர் விளைவு: லேசர் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டிப் பக்கத்துப் பரிசோதனைக்கூடங்களில் நேரிலா ஒளியியலைத் தொடங்கும் மாணவர்கள், நாங்கள் அந்த வயதில் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். லேசரைக் கண்ணால் பார்க்காதே, வில்லையை விரலால் தொடாதே என்பவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெப்பத்தைக் கேர் விளைவு என்று எழுதுவது

ஒளியின் மின்புலமே, அதன் செறிவுக்கேற்ப, பொருளின் முறிவுச் சுட்டியை மாற்றுவதுதான் கேர் விளைவு. வெப்பத்தால் வரும் மாற்றத்தை அதுவென்று எழுதுவதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது. ஹட்டனிலிருந்து வந்த மாணவி ஒருவர், தேயிலைச் சாயத்தை மெல்லிய கண்ணாடிக் கலத்தில் ஊற்றி, 532 நனோமீற்றர் பச்சை லேசரைக் குவித்து, கலத்தைக் குவியத்தின் முன்னும் பின்னும் நகர்த்தி இசட் ஸ்கேன் வரைபடம் (கலத்தின் இடத்துக்கேற்ப, அப்பாலுள்ள துளை வழியே வரும் ஒளியின் அளவு) எடுத்திருந்தார். உச்சியும் பள்ளமும் அழகாகவே விழுந்திருந்தன. “சேர், கேர் விளைவு வந்துவிட்டது” என்றார். ஆய்வறிக்கையின் பாதியும் அதை நம்பியே எழுதப்பட்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 5 மில்லிவாற்றுத் தொடர் லேசரை 30 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள புள்ளியாகக் குவித்தால், செறிவு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 35 இலட்சம் வாற்று. கேர் விளைவுக்குப் பேர்போன காபனிருசல்பைட்டிலேயே, அந்த ஒளியின் மின்புலம் முறிவுச் சுட்டியைப் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்களவே மாற்றும். சாயம் ஒளியை உறிஞ்சிப் பத்தில் ஒரு பாகை சூடேறினாலோ, நீரின் முறிவுச் சுட்டி இலட்சத்தில் ஒரு பங்களவு குறைந்துவிடும். பத்து இலட்சம் மடங்கு வித்தியாசம்!

கதிரை மறைத்துச் சட்டென்று திறக்கச் சொன்னேன். சுவரில் பச்சைப் புள்ளி முதலில் சிறிதாக நின்று, பிறகு மெல்ல விரிந்து, சூடான திரவம் கலத்துக்குள் மேலெழுந்ததால் மேற்புறம் நசுங்கியது. இலத்திரன் முகிலின் எதிர்வினை பெம்டோசெக்கன்களில் (ஒரு பெம்டோசெக்கன், செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) முடிந்துவிடும். சாயத்தில் இப்படிச் சாவகாசமாக விரிவது வெப்பமே. துடிப்பு லேசர் கிடைத்தாலும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம்: செக்கனுக்கு 8 கோடித் துடிப்புகள் விழுந்தால் வெப்பம் சேரும், ஆகவே சொப்பர் (கதிரை விட்டுவிட்டு மறைக்கும் சுழல்தட்டு) வையுங்கள். வெறும் தொடர் லேசர்தான் உண்டென்றால் “வெப்ப வில்லை” (சூடான திரவமே வில்லைபோல் ஒளியை விரிப்பது) என்றே எழுதுங்கள். மிக மெல்லிய உறிஞ்சலை அளப்பதற்கு அது நல்ல வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடியில் மீடிறன் இரட்டித்தலைத் தேடுவது

மீடிறன் இரட்டித்தல் என்றால், ஒளியின் அதிர்வெண் இரு மடங்காகி அலைநீளம் பாதியாவது. 1961 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் பிராங்கன் குழு 694.3 நனோமீற்றர் ரூபி லேசரிலிருந்து 347.2 நனோமீற்றர் ஒளியைப் பெற்றது, சமச்சீர் மையமில்லாத குவார்ட்சுப் பளிங்கில். கண்ணாடியோ எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, ஆகவே அதன் உட்பகுதியில் மின் இருமுனை (ஒளியின் மின்புலம் இலத்திரன்களை அசைப்பது) வழியாக அது நிகழாது. காந்த இருமுனை, மின் நான்முனை ஆகிய நலிந்த வழிகள் தருவது மிக மங்கல்.

காந்தப்புலத்தை மிகைப்படுத்துவது

இலத்திரன்மீது ஒளியின் காந்த விசை, மின் விசையோடு ஒப்பிட, இலத்திரனின் வேகத்துக்கும் ஒளிவேகத்துக்கும் உள்ள விகிதத்தை மிஞ்சாது. இலத்திரன் ஒளிவேகத்தை நெருங்கும் அளவுக்கு, செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 10¹⁸ வாற்றை நெருங்கும்போது பேசுவோம்.

கே.டி.பி. பளிங்கைத் திறந்து வைப்பது

மீடிறனை இரட்டிக்கப் பயன்படும் இந்தப் பளிங்கு ஈரத்தை உறிஞ்சும்; நுவரெலியாப் பனிமூட்டம் அதன் மேற்பரப்பைத் தின்றுவிடும்.

மலிவான பச்சைச் சுட்டியை நம்புவது

அதன் பச்சை, 1064 நனோமீற்றர் அகச்சிவப்பை இரட்டித்துப் பெற்றது. வடிகட்டி இல்லாவிட்டால் 1064 உம், அதை உண்டாக்கும் 808 நனோமீற்றர் ஒளியும் கூடவே வரும். வலுமானி எல்லாவற்றையும் சேர்த்தே காட்டும்.