பூக்கடைக் கணக்கு போட்டு ஜிடிகே கற்போம்

தோவாளைப் பூச்சந்தையில் இன்றைய பிச்சி விலை நாளைக்கு இருக்காது. அங்கே கடை வைத்திருக்கும் மாமாவுக்காக எடை, விலை, தொகை மூன்றையும் கணினியில் காட்டும் சின்ன ஜன்னல் ஒன்றை ஜிடிகே கொண்டு செய்தேன். ஜன்னல், பட்டன் போன்றவற்றை நிரலில் உருவாக்க உதவும் நூலகம்தான் ஜிடிகே. பைத்தான் ஓரளவு தெரிந்தால் நீங்களும் செய்யலாம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்து. எடை, விலை என்ற மாறிகளை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்கும்.

முதல் படி: உபுண்டுவில் 'ஜிடிகே-4-எக்ஸாம்பிள்ஸ்' தொகுப்பை நிறுவி, டெர்மினலில் 'ஜிடிகே4-டெமோ' ஓட்டுங்கள். பட்டியலில் 'ஸ்பின் பட்டன்ஸ்' (பிளஸ், மைனஸ் குறிகளோடு வரும் எண் பெட்டி) மாதிரியை இயக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தெரியும் அதன் நிரலையும் வாசியுங்கள். நிரல் சி மொழியில் இருக்கும், பயம் வேண்டாம். 'ஜிடிகே_ஸ்பின்_பட்டன்_கெட்_வேல்யூ' என்பதன் முன்னொட்டை வெட்டினால் பைத்தானில் 'எடை.கெட்_வேல்யூ()'.

அடுத்து ஜிடிகேயின் ஆவணம். ஸ்பின்பட்டன் பக்கத்தை மேலிருந்து கீழே படிக்காதீர்கள். முதலில் சிக்னல்களை, அதாவது ஏதாவது நடந்ததும் நிரலுக்கு வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். எண் மாறியதும் நமக்குச் சொல்வது 'வேல்யூ-சேஞ்ச்டு'. தேடிய செயற்கூறு அங்கே இல்லையா? மூதாதை வகுப்புக்குப் போங்கள். 'செட்_மார்ஜின்_டாப்' எனக்குக் கிடைத்தது, ஜன்னலில் வைக்கும் உறுப்புகளுக்கெல்லாம் மூதாதையான விட்ஜெட் பக்கத்தில்தான். பதிப்பையும் கவனியுங்கள்: 'ஷோ_ஆல்' என்று முடியும் பழைய மாதிரிகள் ஜிடிகே 3க்கானவை, 4இல் அது கிடையாது.

இனி நம் நிரல்:

எடை = ஜிடிகே.ஸ்பின்பட்டன்.நியூ_வித்_ரேஞ்ச்(0, 100, 0.25)
விலை = ஜிடிகே.ஸ்பின்பட்டன்.நியூ_வித்_ரேஞ்ச்(0, 5000, 10)
எடை.கனெக்ட்("வேல்யூ-சேஞ்ச்டு", கணக்கிடு)
விலை.கனெக்ட்("வேல்யூ-சேஞ்ச்டு", கணக்கிடு)

'கணக்கிடு' இரண்டையும் பெருக்கி லேபிளில் எழுதும், அவ்வளவுதான்.

மாமா பிளஸ் குறியை மூன்று தடவை அழுத்திவிட்டு, "மக்கா, முக்கால் கிலோ போட்டா பாயிண்ட் எட்டுன்னு காட்டுதே" என்றார். பூ வியாபாரத்தில் 50 கிராம் சின்ன விஷயமில்லை. பெருக்கலில் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். விடை ஆவணத்தில் 'நியூ_வித்_ரேஞ்ச்' விளக்கத்திலேயே இருந்தது: தசம இடங்களை அது படியளவிலிருந்து (ஒரு அழுத்தத்துக்கு எண் ஏறும் அளவு, அடைப்புக்குறிக்குள் மூன்றாவது எண்) தானே கணித்துக்கொள்ளும், படியளவு 0.1, 0.01 போலப் பத்தின் அடுக்காக இருந்தால்தான் அது ஒழுங்காகப் பொருந்தும். நான் கொடுத்தது 0.25. அதனால் ஒரே ஒரு தசம இடம், 0.75 அங்கே 0.8 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் 'செட்_டிஜிட்ஸ்' பயன்படுத்தச் சொல்லி அதே பத்தி முடிகிறது. மாதிரியைப் பார்த்து எழுதிய அவசரத்தில் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன்.

எடை.செட்_டிஜிட்ஸ்(2)

இதைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முக்கால் கிலோ 0.75 என்றே நிற்கும்.