புது இடத்துக்கு உயிரைப் பழக்குவது எப்படி: நாற்று, மீன், உங்கள் உடம்பு

ஐந்து வாரம் ஜன்னலோரத்தில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த தக்காளி நாற்றுகளை ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் மேல் இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கிறது. தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து ஒரு குவளை ஊற்றினேன். மண் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது. அந்த இலைகள் கடைசி வரை தேறவில்லை.

இத்தனைக்கும் தக்காளி வெயில் பயிர். அதே வெயிலில் முளைத்து வளர்ந்த செடி நாள் முழுக்க ஜம்மென்று நிற்கும். என் நாற்றுகளுக்குக் குறைந்தது அவகாசம் மட்டும்தான். எந்த உயிரும் தான் இருக்கிற சூழலுக்கு ஏற்றபடிதான் உடம்பைக் கட்டி வைத்திருக்கும், சூழல் மாறினால் அதில் கொஞ்சத்தைப் பிரித்து வேறு மாதிரி கட்ட வேண்டும், அதற்கு நாள் ஆகும். அந்த நாட்களை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பழகுவது வேறு, தகவமைப்பு வேறு. பழகுவது ஒரே உயிர் தன் வாழ்நாளுக்குள் செய்துகொள்வது, பழைய இடத்துக்குத் திரும்பினால் அந்தப் பழக்கம் அழிந்துவிடும். தகவமைப்பு தலைமுறை தலைமுறையாக மரபணுவில் நடப்பது. திபெத்தியர்கள் பலரிடம் உயரமான இடத்தில் வாழ உதவும் ஒரு மரபணு வகை இருக்கிறது, அதை நீங்கள் எத்தனை மாதம் மலையில் தங்கினாலும் வாங்க முடியாது. பரம்பரை கொடுத்த எல்லைக்குள்தான் எதையும் பழக்க முடியும், நிழல் செடியை என்னதான் கெஞ்சினாலும் பாலைவனச் செடியாக்க முடியாது.

சரி, செடியில் ஆரம்பிப்போம்.

நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. மேலே இருக்கும் மெழுகுப் பூச்சும் மெல்லியது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அது தயாராகியிருக்கும், அதன் மேல் திடீரென்று முழு வெயில் விழுந்தால் வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையமே சிதைந்துபோகும். அந்த வெள்ளைத் திட்டு அதுதான். முதல் நாள் நல்ல வெளிச்சமுள்ள நிழலில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுங்கள். அடுத்த நாள் காலை வெயில் ஒரு மணி நேரம். அதன்பின் தினமும் ஒரு மணியோ இரண்டு மணியோ கூட்டிக்கொண்டே போகலாம், மத்தியான வெயிலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏழு நாளிலிருந்து பத்து நாள், அவசரமில்லை என்றால் இரண்டு வாரம். இதைத்தான் நாற்றங்காலில் கடினப்படுத்துதல் என்பார்கள். வெயிலை மட்டும் கணக்கில் எடுத்துக் காற்றை மறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள் காற்றே படாமல் வளர்ந்த தண்டு நூல் மாதிரி இருக்கும், கொஞ்சம் ஆடி ஆடித்தான் தடிக்கும்.

மத்தியானம் இலை தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். திட்டு விழுந்த இலை குணமாகுமா என்று காத்திருக்காதீர்கள். ஒருமுறை நிழல் இலையாக முழுதாக விரிந்துவிட்ட இலை அப்புறம் பெரிதாக மாறாது, செடி பழகுவது பெரும்பாலும் புது இலை வழியாகத்தான். அதனால் பார்க்க வேண்டியது நுனியை. வெளியே வந்தபின் விரிந்த இலை தடிப்பாக, கொஞ்சம் சிறியதாக, திட்டில்லாமல் இருந்தால் வேலை முடிந்தது.

வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும்போதும் இதே கதைதான். தொங்கும் கிளையுள்ள அலங்கார அத்தி வகைகள் இடம் மாறினாலே பொலபொலவென்று இலை உதிர்க்கும். பயந்துபோய் உரமும் தண்ணீரும் ஊற்றுகிறவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிக்கும் தண்ணீரும் குறைவு, ஊற்றியதெல்லாம் வேரில் தேங்கி அழுகும். பேசாமல் விடுங்கள்.

அடுத்து மீன். பையைத் திறக்காமல் தொட்டித் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அது வெப்பநிலையைச் சமன்படுத்த. அப்புறம் சில நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பக்கத்திலிருந்து வந்த மீனுக்கு இது போதும்.

ஆனால் ஒரு நாள் முழுக்க மூடிய பையில் பயணம் செய்த மீனுக்கு இந்த நிதானமே எமன். மீன் விட்ட மூச்சால் பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். மீன் கழிவிலிருந்து வந்த அம்மோனியா அந்த அமிலத்தில் பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அமிலத்தன்மை இறங்கும், அம்மோனியம் விஷமான அம்மோனியாவாகத் திரும்பும். நீங்கள் நிதானமாக ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள், மீன் அதற்குள்ளேயே கிடக்கும். இந்த மாதிரி மீனுக்கு மூடிய பையிலேயே வெப்பநிலையைச் சமன்படுத்திவிட்டு, திறந்தவுடன் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். முடிந்தால் அந்தத் தொட்டியின் உப்பளவை மீன் வந்த தண்ணீரோடு முன்னாலேயே ஒத்துப்போக வைத்துக்கொண்டு, பிறகு நாள்கணக்கில் மாற்றுங்கள். மெதுவாகப் பழக்குவது மாற்றத்துக்குத்தான், விஷத்துக்கு இல்லை.

தொட்டியைக் குளிர்விக்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். பல மீன்கள் கூடுதல் சூட்டைத் தாங்க ஒன்றிரண்டு நாளில் தயாராகிவிடும், குளிருக்குத் தயாராக வாரக்கணக்கில் ஆகும். குளிரில் செல் சவ்வின் கொழுப்பு இறுகாமல் இருக்க அதன் கலவையையே மாற்ற வேண்டும், குளிரில் அந்த வேலையே மெதுவாகத்தான் நடக்கும்.

இனி உங்கள் உடம்பு. வெயிலில் வேலையோ ஓட்டமோ புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது: முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம் மட்டும் வெப்பத்தில், பிறகு தினமும் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடும், அதே வேலைக்கு நாடித்துடிப்பு இறங்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நாலாம் நாள் சுலபமாக இருக்கிறதே என்று முழு வேகத்தில் இறங்கிவிடுகிறார்கள். வியர்வை சீக்கிரம் தொடங்கி, அதிகமாக வந்து, அதில் உப்பு குறைவது எல்லாம் முழுதாகக் கூடி வர இரண்டு வாரம் வரை ஆகும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நாளை எண்ணினால் பலனில்லை, தினமும் வெப்பத்தில் அசைந்து வியர்க்க வேண்டும். இன்னொன்று, பழகிய உடம்புக்குத் தண்ணீர் கூடத்தான் வேண்டும், ஏனென்றால் வியர்வை கூடியிருக்கிறது. தாகத்துக்கு யாரும் பழக முடியாது, பழக்குகிறேன் என்று முயலவும் வேண்டாம். வெப்பத்தில் பேச்சு குழறினாலோ புத்தி தடுமாறினாலோ உடனே நிறுத்தி, உடம்பை நனைத்துக் குளிர்வித்து, மருத்துவ உதவி கூப்பிடுங்கள்.

மலை ஏறுவதற்கும் இதே பொறுமைதான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்குங்கள். பகலில் அதைவிட உயரம் போய்விட்டு இறங்கி வந்து தூங்கலாம். மூச்சு வேகமாவது சில மணி நேரத்தில் நடக்கும், அதனால் ரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்ய சில நாள், சிவப்பணு உண்மையாகவே பெருக வாரங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அங்கேயே நில்லுங்கள், மோசமானால் இறங்குங்கள்.

பழகியது கையை விட்டுப் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். வெப்பப் பழக்கம் ஒரு வாரம் விலகி இருந்தாலே கரையத் தொடங்கும், ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். அனுபவசாலிகள் விட்டுத் திரும்பும்போது நியோஷ் சொல்வது 50, 60, 80, 100 சதவீதம் என்று நாலு நாள். மழைக்காலம் முழுக்க உள்ளே வைத்திருந்த தொட்டிச் செடியை வெளியே எடுக்கும்போது இவ்வளவு சலுகைகூடக் கிடையாது. அது உள்ளே விட்டிருக்கும் இலையெல்லாம் நிழல் இலை, போன வருஷம் அது வெயிலில் நின்றது அந்த இலைகளுக்குத் தெரியாது. மறுபடி நிழலில் இரண்டு மணி நேரம், முதல் நாளிலிருந்து.